புகாரெஸ்டின் 136 குழந்தைகள்: வளர்க்க ஆளில்லாத மூளை என்ன ஆகிறது?

நாலரை வயதுக் குழந்தை ஒன்று, தன்னைப் பார்த்துக்கொள்பவரோடு இருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. திறந்தால் முன்பின் பார்த்திராத ஒருவர் நிற்கிறார். "என்னோடு வா, உனக்கு ஒன்று காட்டுகிறேன்" என்கிறார். குழந்தை என்ன செய்யும்?

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர்கூட அந்த ஆளோடு போகவில்லை. கைக்குழந்தையாக அரசுக் காப்பகத்தில் இருந்துவிட்டுப் பிறகு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் போனார். காப்பகத்தில் தொடங்கி வழக்கமான அரசுப் பராமரிப்பிலேயே விடப்பட்டவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் சத்தமில்லாமல் அவர் பின்னால் நடந்துவிட்டார்கள்.

"எவ்வளவு கலகலப்பான பிள்ளை, வேற்றுமுகமே பார்ப்பதில்லை" என்று நம் ஊரில் சிலாகித்துச் சொல்வோம். எட்டு ஒன்பது மாதத்தில் ஒரு குழந்தை புதியவரைக் கண்டு முகம் சுருக்கி அம்மாவின் தோளில் புதைந்துகொள்கிறது என்றால், இன்னார் என் ஆள், இன்னார் வேற்றாள் என்று அதன் மூளை பிரிக்கத் தொடங்கிவிட்டது. என் ஆள் என்று சொல்ல ஒருவருமே இல்லாத குழந்தை எதை வைத்துப் பிரிக்கும்?

சிறுவயது மனக்காயம் மூளையை என்ன செய்கிறது என்று பேசும்போது நான் புகாரெஸ்ட் ஆய்வுக்கே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் பாதிக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததோடு நின்றுவிடும். இங்கே குழந்தையின் சூழலையே மாற்றி, மாற்றினால் மூளை திரும்புகிறதா என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

ஒரு ஆணையிலிருந்து தொடங்கியது

1965-இல் ருமேனியாவின் ஆட்சியைப் பிடித்த நிக்கோலே சௌஷெஸ்கு, மக்கள்தொகை பெருகினால்தான் தொழில் வளரும் என்று நம்பினார். 1966 அக்டோபரில் ஆணை எண் 770 வந்தது. கருக்கலைப்புக்குத் தடை. நான்கு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைத் தாண்டியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. பிள்ளை இல்லாதவர்கள் மேல் தனி வரி. பிற்பாடு பெண்கள் வேலை செய்யும் இடங்களிலேயே கர்ப்பப் பரிசோதனைகள் நடந்தன. ஆணை வந்த அடுத்த ஆண்டே பிறப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாயின. வீடுகளில் ரேஷன், குளிர்காலத்தில் கணப்புக்கு வழியில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட முடியாதவர்களிடம், உன்னால் முடியாவிட்டால் அரசு வளர்க்கும் என்று சொல்லப்பட்டது. நம்பிக் கொண்டுபோய் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களில் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். 'ருமேனிய அநாதைகள்' என்று உலகப் பத்திரிகைகள் எழுதியது பாதிதான் உண்மை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில் ஒரு பணியாளருக்குப் பன்னிரண்டு குழந்தைகள், சில இடங்களில் அதற்கும் மேல். வரிசையாகக் கட்டில்கள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பால், ஒரே நேரத்தில் எல்லோரும் வரிசையாகக் கழிப்புச் சட்டியில், ஒரே நேரத்தில் குளியல். மல்லாந்தே கிடந்து பின்னந்தலை தட்டையான குழந்தைகள் உண்டு. சிலர் மணிக்கணக்காக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள், சிலர் தம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழுகைச் சத்தம் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. அழுதால் யாராவது வருவார்கள் என்று ஒருமுறையாவது நடந்திருந்தால்தானே குழந்தை மறுபடி அழுது பார்க்கும்.

இத்தனைக்கும் இப்படி ஆவதற்கு அடியோ உதையோ தேவைப்படவில்லை. சோறும் மருந்தும் ஓரளவு கிடைத்தன. நடந்ததெல்லாம் ஒன்றுமே நடக்காமல் போனதுதான். மனக்காயம் என்றால் ஏதோ ஒரு கொடூரச் சம்பவம் என்று நினைப்பவர்களுக்கு இது புரிய நேரமாகும்.

சீட்டுக் குலுக்கல்

காப்பகக் குழந்தைகள் பின்தங்கியிருந்தது ருமேனிய அதிகாரிகளுக்கும் தெரியும். பலர் நினைத்தது, இவர்கள் பிறவியிலேயே குறையுள்ளவர்கள், அதனால்தான் பெற்றோர் விட்டுப்போனார்கள் என்று. தத்துப்போன குழந்தைகள் நன்றாக வளர்ந்ததைக் காட்டினாலும் பதில் தயாராக இருந்தது: நல்ல குழந்தையாகப் பார்த்துத்தான் எடுத்துப் போனார்கள். இந்த வாதத்தை உடைக்க ஒரே வழி, யார் குடும்பத்துக்குப் போவது என்பதை மனிதர் யாரும் தேர்ந்தெடுக்காமல் இருப்பது.

குழந்தைகள் நலத்துக்குப் பொறுப்பாக இருந்த அரசுச் செயலர் கிறிஸ்டியான் தபாகரு அழைக்க, அமெரிக்காவிலிருந்து குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் வந்தார்கள். மக்கார்தர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 2000-இல் தொடங்கி, புகாரெஸ்டின் ஆறு காப்பகங்களில் 187 குழந்தைகளைப் பார்த்து, மரபணுக் கோளாறு போன்ற மருத்துவக் காரணம் உள்ளவர்களை நீக்கினார்கள். மிஞ்சியவர்கள் 136 பேர், ஆறு மாதம் முதல் 31 மாதம் வரை வயது. எல்லோரையும் முதலில் முழுக்கப் பரிசோதித்துவிட்டுப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்தார்கள். 68 பேர் வளர்ப்புக் குடும்பத்துக்கு, 68 பேர் இருந்தபடியே. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, பெற்றோரோடு வாழும் 72 குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இது சரியா என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். எனக்கும் இது லேசில் ஜீரணமாகவில்லை. குடும்பம் நல்லது என்று தெரிந்தே 68 பேரைக் காப்பகத்தில் விடலாமா? ஆய்வாளர்கள் சொன்ன பதில் இது: அப்போது புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாகக் கிடையாது. ஆய்வு நடக்காவிட்டால் 136 பேரும் காப்பகத்தில்தான் இருந்திருப்பார்கள். தவிர, எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகப் பிடித்து வைக்கவில்லை. சொந்தப் பெற்றோரோ தத்தெடுப்பவரோ வேறு வளர்ப்புக் குடும்பமோ வந்தால் தாராளமாகப் போகலாம். அப்படியே பலர் போனார்கள். போனவர்களையும் முதலில் விழுந்த சீட்டின்படியே கணக்கில் வைத்தார்கள். ஆகவே கீழே சொல்லும் வித்தியாசங்கள் உண்மையான வித்தியாசத்தைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு. இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

மூளையில் தெரிந்தது

முதல் பரிசோதனையில், அதாவது யாரையும் எங்கும் அனுப்பும் முன்பே, தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பி போட்டு மூளை அலைகளைப் பதிந்தார்கள். காப்பகக் குழந்தைகளிடம் மெதுவான தீட்டா அலைகள் அதிகம், வேகமான ஆல்ஃபா அலைகள் குறைவு. வயதில் மிகச் சிறிய குழந்தையின் மூளை காட்டும் வடிவம் அது. அணைந்துபோன மூளை என்று சிலர் எழுதுவதுண்டு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, வளர வேண்டிய வேகத்தில் வளரவில்லை என்பதே போதும்.

ஏன் வளரவில்லை? கைக்குழந்தையின் மூளை நரம்புத் தொடர்புகளைத் தேவைக்கு மேல் ஏராளமாகப் போட்டுவைக்கிறது. எவை பயன்படுகின்றனவோ அவை வலுக்கும், மற்றவை கழிக்கப்படும். 1960-களில் நரம்பியல் விஞ்ஞானிகள் ஹ்யூபெல், வீசல் இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்துப் பிறகு திறந்தபோது, கண் பழுதில்லாமல் இருந்தும் அதில் பார்வை சரியாக வரவில்லை. வெளிச்சம் வரும் என்று காத்திருந்த மூளைப்பகுதி, வராததால் வேறு வேலைக்குப் போய்விட்டது. 1981-இல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சி அது. மனிதக் குழந்தையின் மூளை வெளிச்சத்தோடு இன்னொன்றுக்கும் காத்திருக்கிறது: குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் திரும்பிப் பார்த்து, அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்து, தூக்கிக்கொள்ளும் ஓர் ஆள். பன்னிரண்டு கட்டிலுக்கு ஒருவர் என்றால் அந்தப் பரிமாற்றம் நடக்காது.

வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனபின் என்ன ஆனது? மூன்றரை வயதில் அறிவு வளர்ச்சியை அளந்தார்கள். பெற்றோரிடம் வளர்ந்தவர்களின் சராசரி 103. வளர்ப்புக் குடும்பத்தில் 86. அரசுப் பராமரிப்பிலேயே விடப்பட்டவர்கள் 77. வளர்ப்புக் குடும்பத்துக்குள்ளேயே எப்போது போனார்கள் என்பதைப் பொறுத்து ஏற்றத்தாழ்வு இருந்தது. ஒன்றரை வயதுக்கு முன் போனவர்கள் 94-ஐத் தொட்டார்கள், இரண்டரை வயதுக்குப் பின் போனவர்கள் 80-ஐத் தாண்டவில்லை.

மூளை அலைகள்தான் என்னை யோசிக்க வைத்தன. மூன்றரை வயதில் எடுத்தபோது, குடும்பத்துக்குப் போன குழந்தைகளுக்கும் போகாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால், குடும்பம் மூளையை மாற்றவில்லை என்று முடிவுகட்டியிருக்கலாம். எட்டு வயதில் மறுபடி எடுத்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களின் ஆல்ஃபா அலைகள், பெற்றோரிடமே வளர்ந்த குழந்தைகளுடையதைப் போல ஆகியிருந்தன. மூன்று மாதம் கவுன்சலிங் கொடுத்தோம், பையனிடம் மாற்றம் இல்லை என்று கோப்பை மூடும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

எம்.ஆர்.ஐ. படம் வேறு மாதிரி கதை சொன்னது. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் எடுத்த படங்களில், காப்பகத்தில் தொடங்கிய இரண்டு குழுக்களுக்கும் மூளையின் சாம்பல்நிறப் பகுதி சிறுத்திருந்தது. குடும்பத்துக்குப் போனதும் அதை நிரப்பவில்லை. நரம்புக் கம்பிகள் ஓடும் வெள்ளைப் பகுதியோ, குடும்பத்துக்குப் போனவர்களிடம் மற்றக் குழந்தைகளின் அளவுக்கு நெருங்கியிருந்தது. ஒரே தலைக்குள் ஒன்று மீள்கிறது, இன்னொன்று மீளவில்லை.

மற்றத் திறன்களிலும் இதே கதைதான். வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கவலை, மனச்சோர்வு போன்ற கோளாறுகள் அரசுப் பராமரிப்பில் இருந்தவர்களில் பாதி அளவுக்குக் குறைந்தன. மூன்றரை வயதில் வளர்ப்பவரிடம் உறுதியான பிணைப்பு காட்டியவர்கள் குடும்பத்தில் 49 சதவீதம், அரசுப் பராமரிப்பில் 18 சதவீதம். உடலை முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. மொழியில், பதினைந்து மாதத்துக்கு முன் போனவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசினார்கள். உயரமும் எடையும் சீக்கிரமே எட்டிப் பிடித்தன. ஆனால் தலைச்சுற்றளவு பின்தங்கியே நின்றது. ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, கவனக்குறைவு, யோசித்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன், இவை குடும்பத்துக்குப் போனதால் பெரிதாக மாறவில்லை. எல்லாத் திறனுக்கும் ஒரே கடிகாரம் ஓடுவதில்லை. 'மூன்று வயதுக்குள் விட்டால் அவ்வளவுதான்' என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முடிவு எதிர்பாராதது. மனக்காயம் பட்ட குழந்தைக்கு எப்போதும் பதற்றம், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் எப்போதும் அதிகம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதளவில் இந்தப் பிள்ளைகளை நடுவர்கள் முன் பேசவும், மனக்கணக்குப் போடவும் வைத்துச் சோதித்தார்கள். அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களின் உடல் ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை. கார்ட்டிசால் ஏற வேண்டிய இடத்தில் மந்தமாக இருந்தது. சீக்கிரமே குடும்பத்துக்குப் போனவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே ஏறி இறங்கியது. வகுப்பில் திட்டினாலும் முகம் மாறாத பிள்ளையைத் 'தடித்த தோல்' என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அது திமிராக இல்லாமலும் இருக்கலாம்.

அடி வாங்கிய குழந்தை வேறு

புகாரெஸ்ட் காட்டுவது புறக்கணிப்பின் விளைவு. குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடியா இல்லையா என்று கணிக்கும் குழந்தையின் மூளை வேறு வழியில் போகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக் செய்த ஆய்வில், மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளிவாகும் முகப் படங்களைக் காட்டினார்கள். உடல்ரீதியாக வதைபட்ட குழந்தைகள், படம் தெளிவாகும் முன்பே கோபமுகத்தை அடையாளம் கண்டார்கள். ஆபத்தை முகர்ந்தறியும் அமிக்டலா பகுதி முந்திக்கொண்டு வேலை செய்கிறது. அந்த வீட்டில் அது உயிர் காக்கும் திறமை. அதே திறமை பள்ளிக்கூடத்தில், தோளில் தெரியாமல் இடித்தவனைத் திருப்பி அடிக்க வைக்கிறது. பல குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். ஆனாலும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒருவனுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும், பிறகு நடந்ததைத் தகுந்த பயிற்சி பெற்றவரிடம் சொல்லும் சிகிச்சை. மற்றவனுக்குப் பேச்சும் விளையாட்டும், தனக்கென்று ஒருவரும்.

வளர்ப்பம்மாக்கள் செய்தது

புகாரெஸ்டில் சிகிச்சை என்று கொடுக்கப்பட்டது மருந்தோ கருவியோ இல்லை. 56 குடும்பங்கள். விளம்பரம் கொடுத்துத் தேடியவர்கள், தனியாக வாழ்ந்த பெண்களும் அதில் உண்டு. மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று சமூகப் பணியாளர்கள். அடிக்கடி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள், சிக்கலான குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவிலிருந்த நிபுணர்களோடு வாராவாரம் ஆலோசித்தார்கள்.

முதலில் சொன்னது, இது தற்காலிகப் பிள்ளை என்று தள்ளி நிற்காதீர்கள், சொந்தப் பிள்ளையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பிரிவு வரும்போது வலிக்கும் என்பதற்காக ஒட்டாமல் வளர்ப்பது குழந்தைக்குப் பழைய காப்பகத்தையே திருப்பிக் கொடுப்பதாகும்.

அப்படி ஒட்ட நினைப்பவருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. தூக்கினால் விறைத்துக்கொள்ளும், விழுந்து அடிபட்டாலும் ஓடி வராது, தானாக எழுந்து போய்விடும். 'நல்ல பிள்ளை, தொல்லையே இல்லை' என்று விட்டுவிடத் தோன்றும். டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் இதற்காகவே பத்து அமர்வுகளில் வீட்டிலேயே கொடுக்கும் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். அதன் சாரம்: குழந்தை கேட்காவிட்டாலும் ஆறுதல் கொடு. முட்டியில் அடிபட்டு ஒன்றும் நடக்காததுபோல நடந்துபோகிறவனை நிறுத்தி, 'வலிக்கிறதா கண்ணு, இங்கே வா' என்று தடவிக் கொடு. அவன் கையைத் தட்டிவிட்டாலும் அடுத்த முறையும் அதையே செய். கொஞ்ச நாள் கழித்து அவன் சின்னக் கீறலுக்கும் ஊரைக் கூட்ட ஆரம்பித்தால், பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது. இந்தப் பயிற்சி பெற்ற வளர்ப்புப் பெற்றோரிடம் இருந்த குழந்தைகளின் கார்ட்டிசால், காலையில் ஏறி இரவில் இறங்கும் இயல்பான ஓட்டத்துக்கு நெருங்கியது.

ஆய்வின் பிந்தைய கட்டங்களில் இன்னொன்றும் தெரிந்தது. எத்தனை வயதில் போனார்கள் என்ற கோடு சில திறன்களில் எட்டு வயதுக்குப் பிறகு மங்கியது. அதற்குப் பதிலாக, முதலில் போன அதே குடும்பத்தில் தங்கினார்களா என்பது பெரிய விஷயமாகிவிட்டது. வீடு மாறி மாறிப் போனவர்கள், கிடைத்ததில் பெரும்பகுதியை இழந்தார்கள்.

பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 ருமேனியக் குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழு தனியாகப் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் வளர்ந்தபின் எந்தக் குறிப்பிடத்தக்க சிக்கலும் இல்லாமல் இருந்தார். அதே ஆய்வில் எடுத்த மூளைப் படங்களில், இருபதுகளில் இருந்த இவர்களின் மூளை, பிரிட்டனிலேயே தத்தெடுக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. நல்ல வீடு, நல்ல பள்ளி, இருபது வருடம். அப்படியும் சில சுவடுகள் நின்றுவிட்டன. இரண்டையும் சேர்த்துத்தான் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது ஏமாற்று.

நம் பக்கம் திரும்பினால்

ருமேனியா 2004-இல் சட்டம் இயற்றி, கடுமையான ஊனம் உள்ளவர்களைத் தவிர இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தடைசெய்தது. பிறகு அந்த வயது வரம்பை உயர்த்தியது. இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகம் கடைசி வழிதான் என்கிறது, வளர்ப்புக் குடும்ப ஏற்பாட்டுக்கு இடமும் கொடுக்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். பணம் வந்தால் மட்டும் போதாது என்பதே என் கருத்து. புகாரெஸ்டில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அந்த மூன்று பேர் இல்லாவிட்டால், தூக்கினால் விறைக்கும் குழந்தையைப் பல குடும்பங்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவனுக்கு ஊரில் அம்மாச்சி இருக்கிறாள், லீவுக்குப் போகிறான், அவனுடைய முதல் மூன்று வருடம் ஒரு வீட்டில் கழிந்தது.

வளர்ப்புக் குடும்பம் கிடைக்கும்வரை காப்பகம் நடத்துகிறவர்கள் என்ன செய்யலாம்? இதற்கும் புகாரெஸ்டிலேயே விடை இருந்தது. பெரிய ஆய்வு தொடங்கும் முன், ஒரு காப்பகத்தில் ஒரு பிரிவை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டவில்லை, ஒரு நேரத்தில் பணியில் இருக்கும் ஒருவருக்குப் பன்னிரண்டு குழந்தைகள் என்ற விகிதம் அப்படியே. வழக்கமான பிரிவில் ஏகப்பட்ட பணியாளர்கள் ஷிஃப்டு முறையில் சுற்றிச் சுற்றி எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பார்கள். இந்தப் பிரிவில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை மாறி மாறிப் பார்க்க நான்கே பேர், எப்போதும் அதே நான்கு பேர். அவ்வளவுதான் மாற்றம். அந்தப் பிரிவுக் குழந்தைகளிடம் பிணைப்புக் கோளாறின் அறிகுறிகள் கணிசமாகக் குறைவாக இருந்தன.

ஷிஃப்டு அட்டவணையை மாற்ற அரசாணை தேவையில்லை, கூடுதல் சம்பளமும் தேவையில்லை. கண்காணிப்பாளர் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற காரியம்: எந்தக் குழந்தை யாருடைய பொறுப்பு, இரவில் அழுதால் யார் எழுவது, அந்த அக்கா லீவு போட்டால் குழந்தைக்கு முன்கூட்டியே யார் சொல்வது.